மிஷின் பேசும் முன்: சம்பா அறுவடைக்கு எந்த மழைக் கணிப்பைப் பார்ப்பது?

தை பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவில் பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான்: அறுவடை மிஷினுக்கு எந்தத் தேதி சொல்வது? கதிர் பழுத்து நிற்கிறது, கிழக்கே மேகம் கட்டுகிறது. செல்போனில் ஒரு செயலி வியாழக்கிழமைக்குச் சூரியனைப் போடுகிறது, இன்னொன்று இடியோடு மழை என்கிறது, மூன்றாவது 40 சதவீதம் என்று நழுவிக்கொள்கிறது. வானிலை மையத்தின் அறிக்கையில் ‘டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில்’ என்று இருக்கிறது. யூடியூபில் ஒருவர் ஐரோப்பியக் கணினி மாடலைத் திரையில் வைத்துக்கொண்டு ‘சம்பவம் உறுதி’ என்கிறார்.

இதில் எது சரி என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த முடிவுக்கு எது என்று கேட்டால் கிடைக்கும். அறுவடையில் முடிவு ஒன்றல்ல, நான்கு. வயலில் நிற்கும் தண்ணீரை வடியவிடுவது அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு. மிஷின் பேசுவது நாலைந்து நாள் முன்பு. ‘நாளைக்கு வந்துவிடு’ என்று டிரைவருக்கு உறுதி சொல்வது முந்தைய நாள் மாலை. களத்தில் கொட்டிய நெல்லின் மேல் தார்ப்பாய் இழுப்பதற்குக் கிடைக்கும் அவகாசமோ அரை மணி நேரம். பத்து நாளைக்குச் சொல்லும் கருவியை வைத்து அரை மணி நேர முடிவை எடுப்பதும், அரை மணி நேரக் கருவியைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்துக்கு மிஷின் பேசுவதும்தான் பெரும்பாலான நஷ்டத்துக்குக் காரணம்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கைக் கரையைக் கடந்தது. இங்கே அறுப்புக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்தன. கொள்முதல் நிலையங்களின் ஈரப்பத வரம்பான 17 சதவீதத்தைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்க வேண்டிவந்தது. தை, மாசியில் வரும் இந்த மழை, கோடை இடிமழை மாதிரி ஒரு மணி நேரத்தில் கொட்டி ஓய்வதில்லை. கீழைக் காற்றில் தவழ்ந்து வரும் தாழ்வு, இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்யும். இவ்வளவு பெரிய அமைப்பை மாடல்கள் நாலைந்து நாள் முன்பே பிடித்துவிடும். ஆனால் எந்தக் கரையில் கொட்டும் என்பதில் 100 கி.மீ. பிசகினால் வியப்பில்லை. வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அவ்வளவு தூரம்கூடக் கிடையாது.

செல்போனோடு வரும் செயலி

ஊர்ப் பெயரைப் போட்டதும் மணிவாரியாகப் படம் வருவதால் நம் ஊருக்கென்றே கணித்தது போல ஒரு மயக்கம் ஏற்படும். உள்ளே இருப்பது, பூமியைச் சதுரச் சதுரமாகப் பிரித்து வானிலையைக் கணக்கிடும் ஏதோ ஓர் உலக மாடலின் கட்டம். 9 கி.மீ. கட்டம் என்றால் 81 சதுர கி.மீ., அதாவது ஏறக்குறைய 20,000 ஏக்கர். 28 கி.மீ. கட்டம் என்றால் 1.9 லட்சம் ஏக்கருக்கு மேல். அத்தனை நிலத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மழை எண். பக்கத்துக் கட்டங்களோடு இழைத்து, இடையில் ஓர் எண்ணைச் செயலி எடுத்துத் தருகிறது. உங்கள் ஐந்து ஏக்கரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

40 சதவீதம் என்பதையும் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் 40 சதவீத இடத்தில் பெய்யும் என்றோ, மழை மிதமாக இருக்கும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. அந்த நேரத்துக்குள் அந்த இடத்தில் அளக்கக்கூடிய அளவு மழை விழப் பத்தில் நாலு வாய்ப்பு, அவ்வளவே. அளக்கக்கூடிய அளவு என்பது மண்ணை நனைக்காத தூறலாகவும் இருக்கலாம். அறுப்பைக் கெடுக்கும் மழை 15, 20 மி.மீ.-க்கு மேல். அதற்கு எத்தனை சதவீதம் என்பதைச் செயலி சொல்வதில்லை. இரவு எவ்வளவு குளிரும் என்று பார்க்க அது போதும். அறுவடைக்கு வேண்டாம்.

வானிலை மைய அறிக்கை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையை எழுதுவது, பல மாடல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மனிதர்கள். அது அதன் பலம். அதன் சொற்களுக்குக் கணக்கு உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் பயன் இரட்டிப்பாகும். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி வரை. ‘ஒருசில இடங்களில்’ என்றால் பாதி வரை. ‘அநேக இடங்களில்’ முக்கால் வரை. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. ஆகவே ‘ஓரிரு இடங்களில்’ என்ற நாளில் உங்கள் வயலில் பெய்யாமல் போனால் கணிப்பு பொய்த்துவிட்டதாக ஆகாது. முக்கால்வாசி இடங்களில் பெய்யாது என்றுதான் அதுவும் சொன்னது.

நிறத்தில்தான் சறுக்கல். கனமழை என்பது ஒரு நாளில் 64.5 மி.மீ.-இல் தொடங்குகிறது. 115.6-க்கு மேல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பெல்லாம் இந்த வரம்புகளையும் பாதிப்பையும் ஒட்டி வருபவை. 15.6 முதல் 64.4 வரை ‘மிதமான மழை’. அதற்கு எச்சரிக்கை தேவைப்படுவதில்லை, வரைபடத்தில் மாவட்டம் பச்சையாகவே இருக்கும். சென்னையில் குடையோடு போகிறவருக்கு அது சரி. காற்றோடு 40 மி.மீ. விழுந்தால் பழுத்த கதிர் படுத்துவிடும். பச்சை நிறத்தைப் பார்த்து மிஷின் பேசாதீர்கள். ‘லேசானது முதல் மிதமான மழை’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் வரும் வேளாண் வானிலை அறிக்கை இன்னும் பக்கத்தில் வருகிறது. அடுத்த ஐந்து நாளுக்கு மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று, மேக மூட்டம் எல்லாம் எண்ணாக இருக்கும். ‘மேகதூத்’ செயலியிலும் கிடைக்கும். பலரும் மழைப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மேக மூட்டம் ஆக்டாவில் இருக்கும், வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியிருக்கும் என்ற கணக்கு. மழை 0, மேகம் 7 என்று இரண்டு நாள் தொடர்ந்தால் களத்தில் நெல் காயாது. 21 சதவீத ஈரத்தோடு அறுத்ததை 17-க்கு இறக்க வெயில் வேண்டும். மழை வராமலேயே மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

துறையின் சொந்த உலக மாடல் 12 கி.மீ. கட்டத்தில் ஓடியது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ‘பாரத்’ முன்கணிப்பு அமைப்பு 2025 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் கட்டம் 6 கி.மீ., சுமார் 9,000 ஏக்கர். கட்டம் சிறுத்தது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் ஒரு மழை மேகக் கூட்டத்தை மாடல் உருப்படியாக வரைய நாலைந்து கட்டங்களாவது தேவை. 6 கி.மீ. மாடலுக்கு 25, 30 கி.மீ. அகல அமைப்புதான் கண்ணுக்குத் தெரியும். வடுவூரில் பெய்து மன்னார்குடியில் பெய்யாத மழையை அதனிடம் கேட்கக் கூடாது.

ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும்

யூடியூபர்கள் காட்டும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து வருபவை. ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாடல் 9 கி.மீ., அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். 13 கி.மீ. காற்றின் இயக்கம், வெப்பம், ஈரம் ஆகியவற்றுக்கான சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டுத் தீர்ப்பது இரண்டுக்கும் பொதுவான வழி. மூன்று நாளுக்கு மேற்பட்ட தூரத்தில் சராசரியாக ஐரோப்பிய மாடலின் கை ஓங்கியிருக்கும். ஜி.எஃப்.எஸ். ஒரு நாள் புயல் கட்டும், மறுநாள் கலைக்கும். ஆனாலும் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டும் ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும்.

இரண்டுமே நம் காலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஒரு முறையும், மாலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஒரு முறையும் முழு நீளத்துக்கு ஓடுகின்றன. ஜி.எஃப்.எஸ். படங்கள் காலை 9 மணியிலிருந்து வரத் தொடங்கும், ஐரோப்பிய மாடல் நண்பகல் வாக்கில். மாலை ஓட்டம் கைக்கு வருவது இரவு 9 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில். ஆகவே சாயங்காலம் 6 மணிக்கு மிஷின் டிரைவருக்குப் போன் செய்யும்போது கையில் இருக்கும் முழு நீள ஐரோப்பிய ஓட்டம் காலையுடையதுதான். அதைத் தெரிந்துகொண்டே பேச வேண்டும். ஒரே ஓட்டத்தை மட்டும் பார்க்கவும் கூடாது. கடைசி இரண்டு நாளின் நான்கு ஓட்டங்களையும் வரிசையாகப் பார்த்தால், தாழ்வு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா, முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் யாருக்கும் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

இந்த மாடல்களுக்கு நம் கரைக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. 9 கி.மீ. கட்டத்துக்குள் அடங்கும் மழை மேகத்தை அவை நேரடியாக வரைவதில்லை, ஒரு சூத்திரத்தால் ஈடுசெய்கின்றன. அந்தச் சூத்திரம் மழையை மேகம் பிறந்த இடத்திலேயே கொட்டிவிடும். நிஜத்திலோ கடல் மேல் பிறந்த மேகம் கீழைக் காற்றில் மிதந்து உள்ளே வந்து பெய்கிறது. நாகப்பட்டினத்தில் 40, மன்னார்குடியில் 5 என்று படம் காட்டினால், நாகையின் எண்ணைவிட மன்னார்குடியின் எண்ணைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்.

எங்கே தவறும் என்பதற்குச் சென்னையிலேயே இரண்டு பாடம் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று மதியத்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் நகரம் மூழ்கியது. சில இடங்களில் 20 செ.மீ. வரை பெய்தது, முந்தைய நாள் மாடல்களில் அப்படி எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் தலைகீழ். 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். தாழ்வு மண்டலம் சற்றே வடக்கே ஒதுங்கியது, பயந்த மழை அன்று வரவில்லை. முதலாவது சின்ன அளவு மழை, மாடலின் கண்ணிக்குள் சிக்காதது. இரண்டாவது பாதை பிசகியது. முதல் வகைப் பிழையை ராடார்தான் பிடிக்கும். இரண்டாவதை என்சம்பிள், அதாவது ஒரே மாடலைப் பலமுறை ஓட்டிப் பார்க்கும் முறை, முன்பே காட்டிக்கொடுக்கும்.

பாதை ஏன் பிசகுகிறது? தொடக்க நிலவரம் சரியாகத் தெரியாததால். சென்னையிலும் காரைக்காலிலும் வானிலைக் கருவியோடு பலூன் விடுகிறார்கள். அது 30 கி.மீ. உயரம் வரை போய் வெடிப்பதற்குள் வழியெல்லாம் வெப்பம், ஈரம், காற்றை அனுப்பும். தாழ்வு பிறக்கும் தென்மேற்கு வங்கக் கடலில் பலூன் விட ஆளில்லை. அங்கே மிதவைகளும் கப்பல்களும் போக மிச்சமெல்லாம் செயற்கைக்கோள்தான். 2024 பிப்ரவரியில் ஏவிய இன்சாட் 3டிஎஸ், கடல்மேல் காற்றை அளக்கும் ஓஷன்சாட் 3, ஜி.பி.எஸ். அலை வளிமண்டலத்தில் வளைவதை வைத்து ஈரத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும் காஸ்மிக் 2-இன் ஆறு கோள்கள் என்று பட்டியல் நீள்கிறது. கடந்த இருபது ஆண்டில் கணிப்பு மேம்பட்டதில் பெரும்பங்கு, இந்த அளவீடுகளை மாடலுக்குள் சேர்க்கும் வித்தைக்கு உரியது. கணினி வேகத்துக்கு மட்டும் பாராட்டுப் போவது சரியில்லை.

செயற்கை நுண்ணறிவு மாடல்கள்

2023-இல் ஹுவாவேயின் பாங்கு வெதர், கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் இரண்டும் வந்தபோது சமன்பாட்டுக் காலம் முடிந்தது என்று பேச்சு எழுந்தது. ஐரோப்பிய மையமே ஏ.ஐ.எஃப்.எஸ். என்ற தன் சொந்த மாடலை 2025 பிப்ரவரி 25 முதல் தினசரிப் பணியில் ஓட்டுகிறது. இவை சமன்பாடு எதையும் தீர்ப்பதில்லை. பல பத்தாண்டுகளின் வானிலையைக் கட்டம் கட்டமாக மீட்டெழுதிய பழைய தரவைப் படித்து, இப்படி இருந்தால் ஆறு மணி நேரத்தில் அப்படி ஆகும் என்று கற்றுக்கொள்கின்றன. பத்து நாள் கணிப்பை கிராஃப்காஸ்ட் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும்.

தாழ்வின் பாதைக்கு, அதுவும் ஐந்து முதல் எட்டு நாள் தூரத்தில், இவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம். ஐரோப்பிய மையத்தின் சொந்த ஒப்பீட்டில் சில அளவீடுகளில் ஏ.ஐ.எஃப்.எஸ். பழைய மாடலைவிட 20 சதவீதம் வரை மேம்பட்டு நின்றது. பருவமழைத் தொடக்கம் போன்ற நீண்ட தூரக் கேள்விக்கும் பயன்பட்டிருக்கிறது. 2025 காரிஃப் பருவத்தில் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்கு இவ்வகைக் கணிப்பு குறுஞ்செய்தியாகப் போனது.

மழை அளவுக்கு மட்டும் இவற்றை நம்ப வேண்டாம், காரணம் உண்டு. தப்பின் வர்க்கம் குறையும்படி இவற்றைப் பயிற்றுவிக்கிறார்கள். எட்டாம் நாள் 100 மி.மீ. மழை வேதாரண்யத்தில் விழலாம், யாழ்ப்பாணத்திலும் விழலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 50 போட்டுவிட்டால் மாடலுக்குத் தண்டனை குறைவு. அதனால் நாள் போகப் போகப் படம் வழுவழுப்பாகிவிடும், உச்சங்கள் மழுங்கிவிடும். அந்த 50 எங்குமே பெய்யப்போவதில்லை. படித்த பழைய தரவில் இருக்கும் மழையும் மழைமானி அளந்ததல்ல, இன்னொரு மாடல் உருவாக்கியது. கட்டமும் 28 கி.மீ. அளவு. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. அப்படி ஓர் எண் 1.9 லட்சம் ஏக்கர் சராசரியில் கரைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க நிலவரத்தை இந்த மாடல்களும் அதே பழைய முறையில்தான் வாங்குகின்றன. வங்கக் கடலில் அளவீடு தப்பானால் இவையும் சேர்ந்தே தப்பும். ஐரோப்பிய மாடலும் ஏ.ஐ.எஃப்.எஸ்.-உம் ஒத்துப்போவதை இரண்டு தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. இரண்டும் ஒரே வீட்டுச் சாப்பாடு.

51 பேரிடம் கேட்பது: என்சம்பிள்

நாலு நாளுக்கு மேற்பட்ட எந்த முடிவுக்கும் இதுதான் சரியான கருவி. ஆனாலும் டெல்டாவில் இதைப் பார்ப்பவர்கள் அரிது, யூடியூபிலும் காட்டுவதில்லை. 51 கோடுகள் பார்க்க விறுவிறுப்பாக இருப்பதில்லை போலும்.

தொடக்க நிலவரம் துல்லியமாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே மாடலைப் பலமுறை ஓட்டுவதே என்சம்பிள். ஐரோப்பிய மையம் 51 முறை ஓட்டுகிறது, 15 நாளுக்கு. 2023 ஜூன் முதல் இதன் கட்டமும் 9 கி.மீ.தான். அமெரிக்கர்கள் 31 முறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய மையத்தின் இணையதளத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்தால் ‘மீட்டியோகிராம்’ இலவசமாகக் கிடைக்கும். அதில் மழைக்கான வரிசையில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு பெட்டி இருக்கும். தடித்த பெட்டிக்குள் 51-இல் நடுப் பாதி ஓட்டங்கள். அதன் மேல் நீளும் மெல்லிய பகுதி, ஓட்டங்களை மழை அளவுப்படி அடுக்கிய வரிசையில் 90 சதவீத இடம் வரை. உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கோடு, இருப்பதிலேயே அதிக மழை காட்டிய ஓட்டம். நடுக்கோட்டை மட்டும் பார்த்து ‘2 மி.மீ.தானே’ என்று போய்விடக் கூடாது. பெட்டி தரையோடு கிடக்கிறது, மெல்லிய பகுதி மட்டும் 30 வரை நிமிர்கிறது என்றால், பத்தில் ஒரு பங்கு ஓட்டங்களாவது தாழ்வு இந்தப் பக்கம் திரும்பும் என்கின்றன.

எத்தனை ஓட்டம் சொன்னால் பயப்படுவது? அதைத் தீர்மானிப்பது உங்கள் கணக்குப் புத்தகம். பாதுகாப்பு நடவடிக்கைக்கு ஆகும் செலவை, அதைச் செய்யாமல் மழையில் மாட்டினால் வரும் நஷ்டத்தால் வகுங்கள். கிடைக்கும் பின்னத்தைவிட மழை வாய்ப்பு அதிகமானால் நடவடிக்கை எடுப்பது லாபம். மூன்று நாள் முன்கூட்டியே அறுத்தால் கூடுதல் ஈரம், காயவைக்கும் கூலி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விட்டுவைத்து மழையில் சாய்ந்தால் மிஷின் நேரம் இரட்டித்து, நெல் முளைவிட்டு, 15,000 ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம். 3,000-ஐ 15,000-ஆல் வகுத்தால் 20 சதவீதம். 51-இல் 11 ஓட்டங்கள் 20 மி.மீ.-க்கு மேல் காட்டினாலே அறுத்துவிட வேண்டும். மீதி 40 ஓட்டங்கள் வெயிலைக் காட்டினாலும் சரி. ஐந்து முறை இப்படி அறுத்தால் நாலு முறை மழை வராது. ‘அவசரப்பட்டு அறுத்தான்’ என்று ஊர் சொல்லும், பருவக் கடைசியில் கணக்கு உங்கள் பக்கம் இருக்கும்.

தார்ப்பாய்க்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூட 200 ரூபாய் கூலி, நனைந்தால் 6,000 நஷ்டம் என்றால் 3 சதவீதம்தான் வரம்பு. அதாவது கணிப்பே பார்க்காமல் தினமும் இரவு மூடிவிடலாம். உங்கள் செலவு வேறாக இருக்கும், எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வடியவிடும் முடிவுக்கும் இதே படம்தான். எட்டாம் பத்தாம் நாளில் கணிசமான ஓட்டங்கள் மழை காட்டினால் தண்ணீரை ஒரு நாள் முந்தியே வடியவிட்டு, வடிகாலில் அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை எடுத்துவிடுங்கள். நாலைந்து நாளில் பார்க்கும்போது வாய்ப்பு குறையாமலே இருந்தால் டயர் மிஷினை விட்டுவிட்டு பெல்ட் மிஷினைப் பேசுங்கள். வாடகை கூடுதல்தான், ஆனால் ஈர வயலில் டயர் மிஷின் புதைந்துவிடும்.

என்சம்பிளுக்கும் குறை உண்டு. 51-உம் ஒரே மாடலின் பிள்ளைகள் என்பதால், மாடலுக்கே உள்ள கோளாறு அத்தனையிலும் இருக்கும். மழை உள்ளே வராத அந்தக் கரையோரக் கோளாறு இதில் அடக்கம். மன்னார்குடிக்கான மீட்டியோகிராமைப் பார்க்கும்போது நாகைக்கானதையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வயலில் ஒரு மழைமானி

எந்தக் கணிப்பு உங்கள் ஊருக்கு ஒத்துவருகிறது என்று பார்க்க 200 சதுர செ.மீ. வாயுள்ள சாதாரண மழைமானி போதும். அதில் 20 மில்லி தண்ணீர் விழுந்தால் 1 மி.மீ. வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். 15 மீட்டர் தென்னை என்றால் 30 மீட்டர். காலை 8.30-க்கு அளவெடுக்க வேண்டும், துறையின் ஒரு நாள் என்பது 8.30 முதல் 8.30 வரைதான். 16ஆம் தேதிக் கணக்கில் வரும் மழையில் பெரும்பகுதி 15ஆம் தேதி பெய்தது என்பதைக் கவனிக்காமல் கணிப்பைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது.

‘90 சதவீதம் சரியாகச் சொன்னேன்’ என்று யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மழை பெய்த நாள்களில் எத்தனையைச் சொன்னாய்? வறண்ட மாதத்தில் தினமும் ‘மழை இல்லை’ என்று சொன்னாலே 90 வந்துவிடும். 1884-இல் அமெரிக்க ராணுவத்தின் ஃபின்லே சூறாவளிக் (டொர்னாடோ) கணிப்பில் 96.6 சதவீதம் சரி என்று காட்டினார். எல்லா நாளும் ‘சூறாவளி இல்லை’ என்றிருந்தால் 98.2 கிடைத்திருக்கும் என்று கில்பர்ட் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

அறுப்பு நாளில்: காரைக்கால் ராடார்

மிஷின் வந்துவிட்டால் மாடல் படங்களை மூடிவிடலாம். இனி பார்க்க வேண்டியது காரைக்கால் டாப்ளர் ராடார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை படம் புதுப்பிக்கப்படும்.

முதலில் எந்தப் படம் என்பது. எல்லோரும் திறப்பது ‘மேக்ஸ் இசட்’. அது மேகத்தின் அடியிலிருந்து உச்சி வரை எங்கே அதிக எதிரொலி இருந்தாலும் அதை எடுத்துக் காட்டும். 5 கி.மீ. உயரத்தில் இருக்கும் மழை தரைக்கு வராமலே ஆவியாகலாம். ‘பி.பி.ஐ.’ படம் கீழ்க் கோணத்தில் ஒரே சுற்று, தரைக்குக் கிட்டே இருப்பது. ஆனால் தூரம் கூடக் கூட அதுவும் மேலே ஏறும். கோணம் 0.5 டிகிரி என்றால், 50 கி.மீ. தள்ளி இருக்கும் மன்னார்குடிக்கு மேல் கதிர் சுமார் 600 மீட்டரில் போகும். தஞ்சாவூரில் 1 கி.மீ., திருச்சியில் 2 கி.மீ. தை மாதத்து மேகங்கள் குட்டையானவை, அடிப்பகுதியிலேயே மழை திரளும். திருச்சிப் பக்கம் ராடாரில் வெறுமையாக இருந்து, தரையில் தூறிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நிறமும் ஏமாற்றும். ராடார் அளப்பது மழையை அல்ல, துளிகளிலிருந்து திரும்பும் எதிரொலியை. அது துளியின் விட்டத்தைப் பொறுத்து ஆறாம் அடுக்கில் கூடும். அதே 40 டெசிபெல் எதிரொலிக்குப் பொதுவான மார்ஷல் – பாமர் சூத்திரம் மணிக்கு 12 மி.மீ. மழை என்கும். சிறு துளிகள் நெருக்கமாக விழும் வெப்பமண்டல மழைக்கான சூத்திரம் 22 மி.மீ. என்கும். கடலிலிருந்து வரும் தை மழை இரண்டாவது வகை. மஞ்சள்தானே என்று விட்டுவிட்டால் களம் நனைந்துவிடும்.

நேரக் கணக்கு இப்படி: கடைசி ஏழு படங்களை ஓடவிட்டு, பட்டையின் முன் விளிம்பு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காரைக்கால் கரையைத் தொட்டால் மன்னார்குடிக்கு இரண்டு மணி நேரம். பட்டையாக வருவதற்கு இந்தக் கணக்கு பொருந்தும். தனித்தனிப் பொட்டுகளாக இருந்தால் ஒவ்வொன்றின் ஆயுளும் அரை மணி முதல் ஒரு மணி நேரம். அது உங்களிடம் வந்து சேர்வதற்குள் செத்துவிடலாம், பக்கத்தில் புதிதாக ஒன்று பிறக்கவும் செய்யலாம். அந்த மாதிரி நாளில் ராடாரின் வாக்கு 40 நிமிடத்துக்கு மேல் செல்லாது.

செயற்கைக்கோள் படம் இந்த இடத்தில் உதவுவது குறைவு. அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று வெண்மையாகத் தெரிவது உயரமான குளிர்ந்த மேகம், பாதி நேரம் அது பெய்யாத வெண்பஞ்சு. நம்மை நனைக்கும் குட்டை மேகம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும்.

விடியற்காலை 6 மணிக்கு ராடாரைத் திறந்து, கரையோரம் சிவப்பாக ஒரு திட்டு நின்றால் உடனே டிரைவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரவில் தரை குளிர்ந்து மேலே வெப்பக் காற்று படிந்திருந்தால் ராடார் கதிர் கீழ்நோக்கி வளைந்து கடலையும் கட்டடங்களையும் தொட்டுத் திரும்பும். படங்களை ஓடவிட்டால் அந்தத் திட்டு நகராது, திசைவேகப் படத்தில் அதே இடம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். எப்படியும் கதிரில் பனி காய 9.30, 10 மணி ஆகும், அதுவரை மிஷின் வயலில் இறங்காது. டிரைவர் டீ குடித்து வருவதற்குள் இருபது படங்கள் வந்திருக்கும்.